உயர்த்திய ஜீப்பின் சக்கரக் கோணங்கள்: வீட்டில் எதை அளப்பது, எதைக் கடைக்கு விடுவது

மஹிந்திரா தாரையோ மாருதி ஜிம்னியையோ இரண்டு அங்குலம் உயர்த்தியவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே அருகிலுள்ள அலைன்மென்ட் கடைக்குப் போய்விடுகிறார்கள். சிலரோ நூலும் டேப்பும் கொண்டு வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிட முனைகிறார்கள். தத்தம் வழியே போதும் என்று இரு தரப்பும் வாதிடுவது வழக்கம். எந்தக் கருவி மலிவானது, எது துல்லியமானது என்ற கேள்விகளுக்கு முன்னால், அந்த வண்டியின் முன் ஆக்ஸில் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. உயர்த்தும்போது எந்தக் கோணம் மாறும், எது மாறாது என்பதை ஆக்ஸிலின் அமைப்புதான் முடிவு செய்கிறது. அளக்கும் முறையும் அதைப் பின்பற்றியே அமைய வேண்டும்.

ஜிம்னியிலும் பழைய ஜிப்ஸியிலும் முன் ஆக்ஸில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான உடல். ஜிப்ஸியில் அதைப் பட்டை ஸ்பிரிங் தாங்குகிறது; ஜிம்னியில் காயில் ஸ்பிரிங் தாங்க, சேஸியிலிருந்து முன்னோக்கி வரும் இரு கைகளும் (ஆக்ஸிலைச் சேஸியோடு இணைக்கும் தண்டுகள்) குறுக்கே ஓடும் பான்ஹார்ட் ராடும் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்துகின்றன. 2020இல் வந்த தாரிலும் ஃபோர்ஸ் கூர்க்காவின் இன்றைய வடிவத்திலும் முன்சக்கரங்கள் தனித்தனியே, மேலும் கீழுமாக இரண்டு கைகளில் தொங்குகின்றன. பின்னால் மட்டுமே விறைப்பான ஆக்ஸில். முதல் வகையில் இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு ஆக்ஸிலோடு சேர்ந்தே மேலும் கீழும் போவதால், வண்டியை உயர்த்தினால் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) ஏறக்குறைய மாறுவதில்லை, கேம்பரும் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாறுவதில்லை. மாறுவது கேஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு, பக்கத்திலிருந்து பார்க்கையில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்), ஸ்டீயரிங் வளையத்தின் நேர்நிலையும், ஆக்ஸில் இடம்வலமாக நிற்கும் இடமும்தான். இரண்டாம் வகையிலோ கைகள் கீழ்நோக்கித் தாழும்போது டோ, கேம்பர், கேஸ்டர் மூன்றும் ஒன்றாக மாறுகின்றன. ஜிம்னிக்காரருக்குச் சரியாக அமைந்த ஒரு முறையைத் தார் வைத்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

சேஸிக்கும் பாடிக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்தும் பாடி லிஃப்ட்டில் சஸ்பென்ஷன் தொடப்படுவதே இல்லை. ஆகவே அதைச் செய்தவர்கள் இந்த அளவுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு, உயர்த்துவது சரியா என்ற விவாதத்தை இங்கே ஒதுக்கி வைக்கிறேன்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவை பொதுவானவை. நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஜாக்கிலிருந்து இறக்கிய வண்டியின் டயர்கள் தரையைப் பக்கவாட்டில் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், சில மீட்டர் பின்னால் தள்ளி மீண்டும் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து, ஸ்டீயரிங் நேராக இருக்க, பிரேக் பிடிக்காமல் நிறுத்திய பிறகே அளக்க வேண்டும். கைகளின் புஷ் (மூட்டுகளிலுள்ள ரப்பர் உருளை) போல்ட்டுகள் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கப்பட்டிருந்தால், ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியின் உயரத்தையே பொய்யாகக் காட்டும்; வண்டியைத் தரையில் நிறுத்தி எடையை ஏற்றிய பின் அவற்றைத் தளர்த்தி மீண்டும் இறுக்காமல் எந்த அளவையும் நம்ப வேண்டாம். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தை நான்கு மூலையிலும் குறித்து வைத்துக்கொள்வதும் இந்தக் கட்டத்தில்தான்.

டோவை எடுத்துக்கொள்வோம். டயரைத் தின்பது பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு முன்சக்கரமும் நேர்கோட்டிலிருந்து அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த டயர் ஏறத்தாழ 8.7 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. இதை வீட்டில் அளக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே தரத்தைச் சேர்ந்தவை அல்ல.

முதலாவது, டயரின் நெற்றியில் கோடு கீறி அளக்கும் பழைய மெக்கானிக் முறை. சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, டயரின் நடுவில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து, அசையாத ஒரு கட்டையில் அடித்த ஆணியின் முனை அதில் படும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால், மெல்லிய கோடு ஒன்று முழு வட்டமாக விழும். இரு முன்சக்கரங்களிலும் இப்படிக் கீறி, வண்டியை இறக்கி உருட்டி நிறுத்தி, சக்கர மைய உயரத்தில் டயரின் முன்புறமும் பின்புறமும் கோட்டுக்குக் கோடு அளந்தால், இரண்டு அளவுகளின் வித்தியாசமே மொத்த டோ. ரிம் வளைந்திருந்தாலும், டயர் சற்றே ஆடினாலும் இந்தக் கோடு பாதிக்கப்படுவதில்லை, ஏனென்றால் சக்கரத்தின் உண்மையான சுழற்சியே அதை வரைந்திருக்கிறது. 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ.; அந்த விட்டத்தில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது ஒரு டிகிரியில் 0.07 பங்குக்குச் சற்று மேல். டேப்பில் அரை மில்லிமீட்டர் பிழை நேர்ந்தாலும் பாதகமில்லை. எஞ்சினின் அடிப்பகுதி டேப்புக்குக் குறுக்கே வரும் வண்டிகளில், தரையில் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் புள்ளிகளை இறக்கிக்கொண்டு அளக்கலாம்.

இரண்டாவது, சக்கரங்களின் வெளிப்பக்கத்தில் இரண்டு நீளமான அலுமினியச் சட்டங்களைச் சாய்த்து வைத்து, அவற்றின் முன்முனைகளுக்கும் பின்முனைகளுக்கும் இடையே டேப் பிடிப்பது. ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆஃப்-ரோடு டயர்களின் பக்கச் சுவரில் புடைத்து நிற்கும் எழுத்துகளும் தரையை ஒட்டி டயர் பிதுங்கும் வயிறும் சட்டத்தை நேராக உட்கார விடுவதில்லை. கரடுமுரடான பாதைப் பயணத்துக்குப் பிறகு ஏதாவது வளைந்துவிட்டதா என்று அவசரமாகப் பார்க்க இது போதும். சரிசெய்வதற்கு ஆதாரமாகக் கொள்ள மாட்டேன்.

மூன்றாவதான நூல் முறையில், வண்டியின் இருபுறமும் சக்கர மைய உயரத்தில் இணையான இரண்டு நூல்களைக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளக்கிறோம். கொத்தனார் நூலைவிடத் தூண்டில் நரம்பு நல்லது, தொய்வு குறைவு. முன்னும் பின்னும் ஒரே நீளமுள்ள இரண்டு குழாய்களில் ஒரே இடைவெளியில் வெட்டுப் போட்டு நரம்பை அதில் மாட்டினால் நூல்கள் தானாகவே இணையாகிவிடும். இங்கே பலர் தடுமாறும் இடம், இடம்வலமாக முன்சக்கரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியும் பின்சக்கரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியும் ஒன்றாக இல்லாமல் இருப்பது: ஜிம்னியில் முன்புறம் 1395 மி.மீ., பின்புறம் 1405 மி.மீ. என்பதால், பின்சக்கர மையம் இருபுறமும் நூலுக்கு 5 மி.மீ. நெருக்கமாக இருக்க வேண்டுமே தவிர, முன்சக்கரத்தின் அளவுக்குச் சமமாக அல்ல. ரிம்மின் சிறிய விட்டத்தில் அளப்பதால் துல்லியமும் குறைகிறது. சுமார் 440 மி.மீ. இடைவெளியில் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் எதிரெதிராக அரை மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் 0.13 டிகிரி போய்விடும். ஒரு சக்கரத்துக்கு அனுமதிக்கப்படும் விலகலே பல வண்டிகளில் அந்த அளவுதான்.

அப்படியானால் நூல் எதற்கு? மற்ற இரண்டு முறைகளாலும் சொல்ல முடியாத ஒன்றை அது சொல்கிறது: ஒவ்வொரு சக்கரமும் வண்டியின் நடுக்கோட்டுக்குத் தனித்தனியே எப்படி நிற்கிறது என்பதை. பின்சக்கரங்களில் ஒன்று உள்நோக்கியும் மற்றது அதே அளவு வெளிநோக்கியும் காட்டினால், பின் ஆக்ஸில் முழுவதுமே கோணலாக அமர்ந்திருக்கிறது என்று பொருள். பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் உயர்த்தும் வேலைக்காக யூ போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டும்போது ஸ்பிரிங்கின் நடு போல்ட் தன் குழியில் சரியாக உட்காராமல் போவது நடக்கக்கூடியது. அதை டயர் கோடும் காட்டாது, அலுமினியச் சட்டமும் காட்டாது. ஆகவே நூலை டோவுக்கான கருவியாக அல்லாமல், உயர்த்தியவுடன் ஒரே ஒரு முறை பின் ஆக்ஸிலைச் சோதிக்கும் கருவியாகக் கருதுவதே சரி என்று நினைக்கிறேன். லேசர் அலைன்மென்ட் செட் என்று விற்கப்படுபவையும் அடிப்படையில் இந்த நூலின் வேலையையே ஒளிக்கோட்டால் செய்கின்றன. ஒரே வண்டிக்காக அதை வாங்குவது வீண் செலவு.

நூல் முறை மறைத்துவிடும் விஷயமும் ஒன்று உண்டு. பான்ஹார்ட் ராடு உள்ள வண்டியை உயர்த்தினால், அந்த ராடு மேலும் சரிவாகி, அது சேஸியில் பூட்டப்பட்டிருக்கும் பக்கமாக ஆக்ஸிலை இழுக்கும். 900 மி.மீ. நீளமுள்ள ராடு ஒன்றின் இரு முனைகளுக்கும் இடையே முன்பு 100 மி.மீ. உயர வித்தியாசம் இருந்து, 50 மி.மீ. லிஃப்ட்டால் அது 150 ஆனால், ஆக்ஸில் சுமார் 7 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். நூலைச் சக்கர மையங்களுக்குச் சமதூரத்தில் கட்டும்போது இந்த நகர்வு கணக்கிலிருந்தே மறைந்துபோகிறது. சேஸிச் சட்டத்திலிருந்து இருபுறமும் தூக்குக்குண்டு விட்டு, அந்தப் புள்ளியிலிருந்து ரிம் வரை அளந்தால்தான் தெரியவரும். நீளத்தை மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு தேவையா என்பதை அந்த அளவைக் கொண்டு முடிவு செய்யலாம். லிஃப்ட் கிட் விற்பவரின் பேச்சைக் கொண்டு அல்ல.

கேம்பருக்கு வருவோம். விறைப்பான ஆக்ஸிலில் இதை ஒருமுறை பார்த்தால் போதும், ஏனெனில் அங்கே கேம்பர் மாறியிருந்தால் ஆக்ஸில் வளைந்திருக்க வேண்டும் அல்லது பேரிங் தளர்ந்திருக்க வேண்டும். தனித்தொங்கல் அமைப்பில், கைகள் தாழத் தாழச் சக்கரத்தின் மேற்புறம் பொதுவாக வெளிநோக்கிச் சாய்கிறது. 2020க்கு முந்தைய தாரில் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக இயங்கும் தண்டு) போல்ட்டை முறுக்கி உயர்த்தியவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். ரிம்மின் மேல் கீழ் விளிம்புகளில் ஒரு நேரான சட்டத்தை நிறுத்தி அதன்மேல் காந்தம் பொருத்திய டிஜிட்டல் கோணமானியை ஒட்டினால் நேரடியாக எண் கிடைத்துவிடும். கைபேசியில் உள்ள செயலியும் இதைச் செய்யும், உறையைக் கழற்றிவிட்டு, கேமரா மேடு சட்டத்தில் படாமல் வைத்தால். ரசமட்டமும் ஸ்கேலும் மட்டுமே இருப்பவர்கள், 400 மி.மீ. உயரத்துக்கு 7 மி.மீ. சாய்வு என்பது ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கேம்பரில் கருவியைவிடத் தரைதான் தொல்லை. நம் வீட்டுப் போர்டிகோக்களில் மழைநீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள், 1500 மி.மீ. அகலத்தில் இடமும் வலமும் 13 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே அரை டிகிரி பொய் சேர்ந்துவிடும். டியூப் லெவல் பிடித்து நான்கு சக்கரங்களின் இடத்தையும் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் டைல்ஸ் துண்டுகளை அடுக்குவது ஒரு தீர்வு. அதைவிட எளிது, ஒருமுறை அளந்த பின் வண்டியைத் திருப்பி அதே இடத்தில் எதிர்த்திசையில் நிறுத்தி மறுபடி அளந்து, ஒவ்வொரு சக்கரத்தின் இரண்டு அளவுகளுக்கும் சராசரி எடுப்பது. தரையின் சாய்வு ஒருமுறை கூடி ஒருமுறை கழிந்து தன்னையே நீக்கிக்கொள்ளும். டோவுக்கு இந்தச் சிரமம் ஏறக்குறைய இல்லை.

கேஸ்டர்தான் அதிகம் பேசப்பட வேண்டியது, ஏனென்றால் ஜிம்னி போன்ற வண்டிகளில் உயர்த்துவதால் முதலில் கெடுவதும் அதுதான், கடைகளில் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாமல் போவதும் அதுதான். ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகள் அதற்குப் பின்னால் சேஸியில் பூட்டப்பட்டிருப்பதால், சேஸி உயரும்போது கையின் முன்முனை தாழ்ந்து, ஆக்ஸிலும் அதோடு முன்நோக்கிக் கவிழ்கிறது. 800 மி.மீ. நீளமுள்ள கை ஒன்று 50 மி.மீ. தாழ்ந்தால் ஆக்ஸில் சுமார் 3.6 டிகிரி சுழலும். கேஸ்டர் அதே அளவு குறையும். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராமல் கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தால், நெடுஞ்சாலையில் வண்டி எந்நேரமும் சிறு திருத்தங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தால், சந்தேகம் முதலில் இங்கேதான் விழ வேண்டும். டோவை எத்தனை முறை திருத்தினாலும் அந்தக் குறை போகாது.

வீட்டில் கேஸ்டரை அறிய இரண்டு வழிகள் இருக்கின்றன. விறைப்பான ஆக்ஸிலுக்கு எளிய வழி, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) மேலுள்ள கிங்பின் (அது திரும்பும் அச்சாணி) மூடியின் தட்டையான பரப்பில் கோணமானியை முன்பின் திசையில் வைத்துப் படிப்பது. இது தரும் எண் தொழிற்சாலை அளவோடு அப்படியே ஒப்பிடத்தக்கதாக இல்லாமல் போகலாம். ஆனால் உயர்த்துவதற்கு முன்பும் பின்பும் ஒரே தரையில், ஒரே பரப்பில் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம் உண்மையானது, தேவைப்படுவதும் அதுதான். தாருக்கும் கூர்க்காவுக்கும் அப்படிப்பட்ட பரப்பு கிடையாது. அங்கே இரண்டு தகரத் தகடுகளுக்கு இடையே கிரீஸ் தடவி, ஒவ்வொரு முன்சக்கரத்தின் கீழும் ஒரு ஜோடியை வைத்து, பின்சக்கரங்களுக்குக் கீழும் அதே உயரத்துக்குத் தகடு போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, சக்கரத்தை வெளிநோக்கி 20 டிகிரியும் பின் உள்நோக்கி 20 டிகிரியும் திருப்பி, இரு நிலைகளிலும் கேம்பரைப் படித்து, வித்தியாசத்தை 1.5ஆல் பெருக்க வேண்டும். 20 டிகிரிக் கோட்டைத் தரையில் வரைய, 1 மீட்டர் நேராகப் போய் 364 மி.மீ. பக்கவாட்டில் ஒரு புள்ளி வைத்தால் போதும். கேம்பரில் 0.2 டிகிரி தவறு வந்தால் கேஸ்டரில் அது 0.3 ஆகிவிடும் என்பதால், இந்த முறையில் அரை டிகிரிக்குக் குறைவான மாற்றங்களைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

கேஸ்டர் குறைந்திருப்பது தெரிந்தால், மையம் விலகிய புஷ்களோ, கைகளின் சேஸி முனையைத் தாழ்த்தும் பிராக்கெட்டுகளோ, பட்டை ஸ்பிரிங் வண்டியானால் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே வைக்கும் ஆப்புகளோதான் தீர்வு. எதைச் செய்தாலும் ஆக்ஸிலைப் பின்நோக்கிச் சுழற்றும்போது டிஃபரன்ஷியலின் (ஆக்ஸிலிலுள்ள பல்சக்கரப் பெட்டி) மூக்கு தாழ்ந்து, எஞ்சினின் விசையை அதற்குக் கொண்டுவரும் முன் புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கூடுதலாக மடங்கும். எனவே இழந்த 3.6 டிகிரியையும் முழுதாக மீட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, ஸ்டீயரிங் ஒழுங்காகத் திரும்பும் அளவுக்கு மீட்டு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனிக் கடை. 3டி கேமராவால் அளக்கும் கருவி நான்கு சக்கரங்களின் கோணங்களையும் வண்டியின் நடுக்கோட்டையும் ஒருசேரத் தருகிறது. வீட்டில் அரைநாள் எடுக்கும் அளவுகளைச் சில நிமிடங்களில், இன்னும் நுட்பமாகத் தந்துவிடும் என்பதில் ஐயமில்லை. சில நூறு ரூபாயில் முடியும் வேலை. குறை கருவியில் இல்லை, வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது. திரையில் பச்சையும் சிவப்புமாகத் தெரியும் எல்லைகள் உயர்த்தாத வண்டிக்கானவை. கேஸ்டரை அறிய ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிக் காட்ட வேண்டிய படியை நேரமின்மையால் தாண்டிவிடுவதும், முன்சக்கர டோவை மட்டும் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டு, மற்றதைக் கேட்டால், “சார், லிஃப்ட் பண்ண வண்டிக்கு இப்படித்தான் வரும்” என்று சொல்லி அனுப்புவதும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. புஷ்ஷும் பிராக்கெட்டும் மாற்றுவது அலைன்மென்ட் கடையின் வேலையும் அல்ல. உயர்த்துவதற்கு முன்பே ஒருமுறை போய் அச்சுப் பிரதி வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, பின்பு கிடைக்கும் பிரதியை அர்த்தத்தோடு படிக்க முடியும். இந்த ஒரு செலவை யாரும் தவிர்க்க வேண்டாம் என்பேன்.

ஜிம்னியோ ஜிப்ஸியோ வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை, வீட்டு அளவையே முதன்மையாகக் கொள்வது. டயர் கோட்டில் டோ, கிங்பின் மூடியில் கேஸ்டர், தூக்குக்குண்டில் ஆக்ஸிலின் இடம், நூலில் ஒருமுறை பின் ஆக்ஸில் என்று பார்த்துவிட்டால் கடை புதிதாகச் சொல்வதற்கு அதிகம் மிஞ்சாது. ஸ்டீயரிங் வளையம் கோணலாக நின்றால் டை ராடைத் தொடாமல் டிராக் லிங்க்கின் (ஸ்டீயரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) நீளத்தை மட்டும் திருத்த வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நன்றாக இருந்த டோ கெடுகிறது.

தார், கூர்க்கா உரிமையாளர்கள் கடையைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். காயில் ஸ்பிரிங் மேலே வைக்கும் ஸ்பேசர், கையின் நெம்புகோல் விகிதத்தால் தன் தடிமனைவிட அதிகமாகச் சக்கரத்தைத் தாழ்த்துகிறது என்பதால், கோண மாற்றமும் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவே வரும். அவர்களுக்கு வீட்டு அளவை, கடைக்கு ஓட்டிச் செல்லும் வரை டயரைக் காப்பாற்றும் தற்காலிக ஏற்பாடு. அதிலும் டை ராடை முறுக்கும்போது நிதானம் வேண்டும்: திருகுப் புரியின் இடைவெளி 1.5 மி.மீ., ஸ்டீயரிங் கையின் நீளம் 140 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று அந்தச் சக்கரத்தை 0.6 டிகிரி திருப்பிவிடும், அதாவது டயர் கோட்டில் 8 மி.மீ. காட்டும். கால் சுற்றாக, இருபுறமும் சமமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வண்டியை உருட்டி அளந்து, இறுதியில் லாக் நட்டை இறுக்கிய பின்னும் ஒருமுறை அளக்க வேண்டும், ஏனென்றால் நட்டு இறுகும்போது ராடும் கொஞ்சம் சுழலக்கூடும்.

புதிய ஸ்பிரிங்குகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுப் படிந்து உட்காரும் என்பதால், நுட்பமான கடை அலைன்மென்ட்டை அதுவரை தள்ளிப்போட்டு, முன்பு குறித்த மட்கார்டு உயரங்களை மறுபடி அளந்து, அவை நிலைத்துவிட்டன என்று தெரிந்த பின் போவதே பணத்துக்குப் பொருத்தமானது. அதற்குப் பிறகு ஏதாவது ஒரு பயணம் முடிந்து டயர் கோட்டில் டோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறியிருந்தால், டை ராடைத் தொடுவதற்கு முன் பால் ஜாயின்ட்டையும் புஷ்ஷையும் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். தளர்ந்த பாகம் எதுவும் அகப்படாதபோது மட்டுமே ஸ்பேனரை எடுக்கலாம்.